தொழுவுக்குள்ள ஓடுன சைக்கிள்

வாங்க அண்ணாச்சி, செருப்பக் கழத்த வேண்டாம், அப்படியே ஏறி வாங்க. முத்தம் பூராச் சகதி. நீங்கதான போன்ல பேசுனது, கோயில்பட்டியில இருந்து, மிசினு பாக்கணும்னு? ஒக்காருங்க. அந்தக் கட்டில்ல வேண்டாம், மேல ஒழுகுது. இந்த நாக்காலியில ஒக்காருங்க.

சர்க்கரைக்கு டாக்டரு சைக்கிள் மிதிக்கச் சொன்னாருன்னீக. மிதிக்கணும் அண்ணாச்சி. ஒடம்பப் பாத்தாலே தெரியுது, கோவிச்சுக்கிடாதீக. ஆனா ஐப்பசி பொறந்துட்டா இந்தக் கரிசக்காட்டுல எங்கிட்டு மிதிக்க? வர்ற வழியில பாத்திருப்பீகளே. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள டயருக்கும் மக்காட்டுக்கும் நடுவுல மண்ணு அடைச்சுக்கிடும். சக்கரம் சுத்தாது. சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் வீடு வந்து சேரணும். தார் ரோட்டுப் பக்கம் போனா லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவான். அதுக்குத்தான் இந்த மிசினு. வீட்டுக்குள்ள வச்சு, சைக்கிள அதுல மாட்டி, நின்ன எடத்துலயே மிதிக்கிறது.

மிசினு பின்னால தொழுவுல கெடக்கு. காட்டுதேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். விக்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன். இத வாங்காதீக. உருளை வச்சது ஒண்ணு இருக்கு, அத வாங்குங்க. இந்த மிசினு என்னைய ஏமாத்திருச்சு அண்ணாச்சி. என் மக கோமு இந்த வீட்ட விட்டுப் போனது இதாலதான். போன ஐப்பசியில போனவ. இன்னும் என் கண்ணு முன்னால வரல.

அவசரமா? மழை விடட்டும், போகலாம்.

இந்த ஊருல ஆவுடையப்பன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. சாரதி ஆவுடையப்பன்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவான். பந்தய வண்டியில ஏறி நின்னு மாட்ட வெரட்டுறவன் நான். விளாத்திகுளம் வட்டாரத்துல நான் முதல் கொடி வாங்காத கோயில் கொடை கெடையாது. எம்பேரு நோட்டீசுல இருந்தா மத்த பார்ட்டிக்காரன் மாட்டக் கொண்டு வரவே யோசிப்பான். பயந்துக்கிட்டு இல்ல, மரியாதை.

ஒரு தடவ ஒருத்தன் எல்கையில திரும்பும்போது வண்டியக் குறுக்க விட்டான். ஓடுற வண்டியில நின்னுக்கிட்டே தார்க்கம்ப அவன் பக்கம் ஒரு வீசு வீசுனேன். நுனியில ஆணி வச்சிருக்கும்ல, அது. மொகத்தப் பொத்திக்கிட்டு சக்கரத்துக்குள்ள விழுந்துட்டான். ஒரு காலு போயிருச்சு. நான் தள்ளல அண்ணாச்சி, அவனா விழுந்தான். கோவத்துல செஞ்சதும் இல்ல. நான் கோவக்காரன் கெடையாது, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அடுத்த கொடையில என் வண்டியும் கவுந்து எனக்கு இடுப்பு ஒடஞ்சிருச்சு. அதுக்கப்புறம் வண்டி ஏற முடியல. ரொம்ப நேரம் நிக்கவும் முடியல. மாடுகள வித்துட்டேன். தொழு காலியாயிருச்சு.

காலித் தொழுவப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கீக? சோறு எறங்காது. அப்ப ஒரு நா, டீக்கடையில ஒக்காந்திருக்கேன், ரோட்டுல மினி பஸ்ஸு வருது. அத ஒரு சைக்கிளு முந்திக்கிட்டு வருது. யாருன்னு பாத்தா எம்மக. ஸ்கூலு பையி முதுகுல குதிக்குது, இடுப்பு சீட்டுல ஒட்டவே இல்ல. ஆத்தாடி, தொழு காலின்னு அழுதுக்கிட்டு இருக்கோம், மாடு வீட்டுக்குள்ளயே நிக்குதேன்னு தோணிச்சு.

அன்னையில இருந்து ஆரம்பிச்சேன். பந்தய மாட்டுக்கு என்ன உண்டுமோ அத்தனையும் குடுத்தேன். பருத்திக்கொட்டப் பாலு, முட்ட, உளுந்தங்களி, பேரீச்சம்பழம். கம்மாயில நீச்சல். வாந்தி எடுப்பா. எடுத்தா திரும்பவும் குடுப்பேன். கோடையில ரோட்டுல அவள முன்னால விட்டு, நான் மோட்டார் சைக்கிள்ல பின்னாலயே போவேன், சாட்டக்கம்போட. மேல பட்டதே கெடையாது அண்ணாச்சி. முதுகுக்கு ஒரு சாண் தள்ளித்தான் சொடுக்குவேன். நல்ல மாட்டுக்குச் சத்தம் போதும். சில நேரம் படும், கை தவறுறது சகஜந்தான. அடியாத மாடு படியாதும்பாக. ஆனா நான் அடிச்சுப் பழக்குனவன் இல்ல. சொடுக்கிப் பழக்குனவன்.

பலன் இருந்துச்சா இல்லையா? ஜில்லாவுல பொம்பளப் பிள்ளைகள்ல முதல்ல வந்தா. மார்கழியில மாநிலப் போட்டி. அதுல கொடி வாங்கிட்டா ரயில்வேக்காரன் கூப்பிட்டு வேல குடுப்பான்னாக. கொடின்னு நாந்தான் சொல்லுதேன், அவுக மெடலும்பாக. எனக்கு அந்த மார்கழி ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சு. சாரதி ஆவுடையப்பன் இடுப்பு ஒடஞ்சு மூலையில கெடக்கான்னு பேசுனவன் வாயெல்லாம் அடைக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. இதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க.

அந்த நேரம் பாத்து மழை பிடிச்சிருச்சு. ஒரு நா விட்டா மாடு ஒரு வாரம் பின்னால போயிரும். அவ ஸ்கூலு டீச்சரு ஒரு அம்மா, ஜெபசெல்வின்னு பேரு, விளையாட்டு டீச்சரு. அந்தம்மாதான் சொல்லிச்சு, வீட்டுக்குள்ள மிதிக்கிற மிசினு இருக்குன்னு. சரின்னு மதுரைக்குப் போனேன்.

கடையில மூணு தினுசு வச்சிருந்தான். நல்லாக் கேட்டுக்கோங்க, உங்களுக்கு ஆகும். ஒண்ணு உருளை. சட்டத்துல மூணு உருளை கெடக்கும், சைக்கிள அதுக்கு மேல அப்படியே ஏத்தி நிறுத்தி மிதிக்கணும். பிடிமானம் எதுவும் கெடையாது. கவனம் பிசகுச்சு, சுவத்துல போய் மோத வேண்டியதுதான். சைக்கிள் நல்லாத் தெரிஞ்சவனே தடுமாறுவான். இன்னொண்ணு, பின்சக்கரத்தையே கழத்திட்டு சங்கிலிய நேரா மிசின்ல மாட்டுறது. வெல ஆகாசத்துல நிக்கும். கரண்டு வேற வேணும், போனு வேற வேணும். இங்க வானம் இருட்டுனாலே கரண்ட அமத்திருவான், அத வச்சு என்ன செய்ய? நடுவுல உள்ளதுதான் நமக்குக் கட்டுபடி. சைக்கிளோட பின் அச்ச ரெண்டு பக்கமும் கவ்விக்கிடும். டயரு ஒரு சின்ன உருளையில அழுத்திக்கிட்டு ஓடும். முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லு வச்சாப் போதும். சாயாது, விழாது.

அதுலயும் பாருங்க, காந்தம் வச்சது இருக்கு, எண்ணெ வச்சது இருக்கு, காத்தாடி வச்சது இருக்கு. எண்ணெ சத்தமே வராது. காந்தம் லேசா முனகும். காத்தாடிதான் கொறஞ்ச வெல, ஆனா வீட்டையே தூக்கிட்டுப் போற மாதிரி எரையும். வேகமா மிதிக்க மிதிக்க கனமும் கூடும், எரைச்சலும் கூடும். நான் கடைக்காரன்ட்டக் கேட்டேன், இருக்கதுலயே அதிகமாச் சத்தம் போடுறது எதுப்பான்னு. அவன் சிரிச்சுட்டான். எல்லாரும் சத்தம் இல்லாதது கேட்டு வருவாக, சத்தத்துக்கு ஆசப்பட்டு வந்த மொத ஆளு நீருதான்னான். அவன் கையப் பிடிச்சு ஓடுற டயருல ஒரு தடவ வச்சு எடுத்தேன். கொஞ்சம் தோலு போச்சு. கோவம் இல்ல அண்ணாச்சி, சிரிப்ப நிறுத்தணும்ல. அதுக்கப்புறம் ரொம்ப மரியாதையாப் பேசுனான். வெலையும் கொறச்சான்.

சத்தம் எதுக்குன்னு நீங்களும் நெனைப்பீக. வண்டியில நிக்கும்போது நான் மாட்டப் பாக்கவே மாட்டேன். கால் சத்தம் கேட்டாப் போதும், எந்த மாடு இழுக்குது, எந்த மாடு நடிக்குதுன்னு சொல்லிருவேன். காது அப்படிப்பட்ட காது. இடுப்பு ஒடஞ்சவன் அவ பின்னாலயே எவ்வளவு நேரம் நிக்க முடியும்? மிசினத் தொழுவுல போட்டேன். கதவச் சாத்திட்டு நான் இந்தா, இந்த எடத்துல ஒக்காந்துக்கிடுவேன். எரைச்சல் ஒரே சீரா வந்தா மிதிக்கான்னு அர்த்தம். எறங்குச்சுன்னா கம்ப எடுத்து இந்தத் தகரத்துல ஒரு அடி. திரும்பவும் எறங்குச்சுன்னா நானே உள்ள போவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. எவ்வளவு பெரிய கோச்சரு வச்சாலும் இதவிட என்ன செஞ்சிரப் போறான்?

மொத நா ஏத்திவிட்டப்ப கோமு கேட்டா, “அப்பா, இது எங்கயும் போகலையேப்பா”ன்னு. “போக வேண்டாம்னுதாம்டி வாங்கிட்டு வந்திருக்கேன், மிதி”ன்னேன். மிதிக்க ஆரம்பிச்சா. எம்மக அதிகம் பேச மாட்டா. அவுக ஆத்தா மாதிரி.

ஆத்தான்னா என் வீட்டுக்காரி, வடிவு. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து எதுத்து ஒரு வார்த்த பேசுனவ இல்ல. சோத்துல உப்பு கொறஞ்சு தட்டத் தூக்கி எறிஞ்சா, எடுத்துட்டுப் போயி உப்புப் போட்டுக் கொண்டாந்து வைப்பா. கன்னத்துல ஒண்ணு விட்டா அந்தப் பக்கமாப் போயி வெளக்குமாத்த எடுத்துப் பெருக்க ஆரம்பிச்சிருவா. ரொம்ப அடக்கம். ஊமை ஊரக் கெடுக்கும்னு பெரியவுக சொன்னத நான் அப்ப யோசிக்கல.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நடுவுல அந்த டீச்சரு வந்தா. கோமு கெண்டக் கால்ல காயத்தப் பாத்துட்டாளாம். அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒரு நா எரைச்சல் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. தகரத்துல அடிச்சுப் பாத்தேன், ஏறல. உள்ள போனேன். ஹேண்டில்ல தலையச் சாச்சுக்கிட்டு மிதிக்கா. தூங்குதா. தார்க்கம்ப வச்சு கெண்டக் கால்ல ஒரு தொடு. தொட்டதுதான். மாடுன்னா தோலு தடிச்சது, பொம்பளப் பிள்ளைக்கு அப்படி இல்லைங்கறது எனக்கு அந்த நேரம் தோணல. பெடலு வழியா ரெத்தம் சொட்டுச்சு. ஆனா பாருங்க, அடுத்த செகண்டே எரைச்சல் எப்படி ஏறுச்சுங்கீக. வடிவு வந்து மஞ்சப் பத்துப் போட்டா. என்னைய நிமிந்துகூடப் பாக்கல.

அதப் பாத்துட்டு டீச்சரு வந்து நிக்கா, இதே எடத்துல. “ஐயா, அரசாங்க விளையாட்டு விடுதியில கோமதிக்கு எடம் கெடைக்கும். நல்ல டிராக் இருக்கு, நல்ல சாப்பாடு, மழைன்னாலும் கூரைக்குள்ள பழகலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்”னா. பொறுமையாத்தான் கேட்டேன். “டீச்சரு, எம்மாட்ட இன்னொருத்தன் தொழுவுல கட்டணுங்கீகளா?”ன்னேன். “அவ மாடு இல்லைங்க ஐயா”ன்னா. கோமு கதவுக்குப் பின்னால நின்னு, “அப்பா, போறேம்ப்பா”ன்னா. ரெண்டே வார்த்த. எந்திரிச்சுப் போயி அந்தம்மாவோட ஸ்கூட்டியத் தள்ளிக்கிட்டுப் போயி கம்மாய்க்குள்ள விட்டுட்டு வந்தேன். டீச்சரு மேல கை வைக்கல. படிச்ச பிள்ள, பொம்பளப் பிள்ள, அந்த மட்டு மரியாத தெரிஞ்சவன் நான். மறுநா ஏட்டையா வந்தாரு. நம்ம பந்தயத்துக்கெல்லாம் வர்ற மனுசன். டீ குடிச்சுட்டு, “பாத்து இருந்துக்கிடுங்க சாரதி”ன்னுட்டுப் போனாரு.

அன்னைக்குச் சாயந்தரம் கோமுவ ரெண்டு சாத்துச் சாத்துனேன். அது அடி. அத அடின்னுதான் சொல்வேன், மறைக்க மாட்டேன். வீட்டு விசயத்த வெளிய சொன்னதுக்கு. வடிவு குறுக்க வந்து விழுந்தா, அவளுக்கும் பட்டுச்சு.

அப்புறம் ஒரு நா மதியத்துல இருந்தே மழை ஊத்துது. கம்மா நெறஞ்சு ரோட்டுல தண்ணி. நான் இங்கன ஒக்காந்திருக்கேன். உள்ள எரைச்சல் ஆரம்பிச்சுச்சு. தொடக்கத்துல என்னமோ மாதிரி இருந்துச்சு. ஏறுது, எறங்குது, நொண்டியடிக்குது. கம்ப எடுத்துத் தகரத்துல ஒண்ணு போட்டேன். பாத்துக்கோங்க, அதுக்கப்புறம் பிடிச்சது பாருங்க ஒரு சீரு. எண்ணெச் செக்கு மாதிரி. வேகம் ரொம்ப இல்ல, ஆனா எறக்கமே இல்ல. எம்மக எப்பவும் வெட்டிப் பாய்வா, அப்புறம் சுணங்குவா. அதுதான் அவளுக்குள்ள கொறை. அன்னைக்குச் சுணக்கமே இல்ல. மழை தகரத்துல அடிக்கிற சத்தத்தையும் மீறிக் கேக்குது. எனக்குக் கம்ப எடுக்கவே வேலையில்ல.

நான் யாரையும் வாயத் தொறந்து புகழ்றவன் இல்ல அண்ணாச்சி. மாட்டப் புகழ்ந்தா கண்ணு பட்டுரும். அன்னைக்கு என்னால அடக்க முடியல. இங்க இருந்தே கத்துனேன், “அப்படிப் போடு தாயே, இப்பதாண்டி நீ சாரதி மக”ன்னு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆமா, அழுதேன், சொல்லுறதுல என்ன வெக்கம்? இவள ரொம்பப் போட்டு வாட்டிட்டமோன்னு கூட ஒரு நெனப்பு. மார்கழியில அவ கழுத்துல மெடலோட நிக்கிறதும், பக்கத்துல நான் நிக்கிறதும், போட்டோக்காரன் எடுக்கிறதும் எல்லாம் தெரியுது.

வடிவக் கூப்பிட்டேன், பாலு கொண்டாந்து மகளுக்குக் குடுன்னு. ஆளக் காணோம். எங்கயோ ஆட்டுக்குட்டியப் பிடிக்கப் போயிருக்கான்னு நெனச்சேன். நானே எந்திரிச்சுப் போயி அடுப்படியில பருத்திப்பால ஊத்தி டம்ளர எடுத்துக்கிட்டுப் போனேன். எம்பொறப்புக்கு இன்னொருத்தருக்கு டம்ளரு ஏந்திக்கிட்டுப் போனது அன்னைக்குத்தான். இடுப்ப வச்சுக்கிட்டு, சகதியில வழுக்காம, மழைக்குத் துண்டத் தலையில போட்டுக்கிட்டுப் போயி, தொழுக் கதவத் தெறந்தேன்.

வடிவு மிதிச்சுக்கிட்டு இருக்கா.

சேலையத் தார்ப்பாச்சிக் கட்டியிருக்கா, நாத்து நடுறவ மாதிரி. கொண்ட அவுந்து முதுகுல கெடக்கு. வேர்வ சொட்டுது. நேராச் சுவத்தப் பாத்து மிதிக்கா. பிறந்ததுல இருந்து சைக்கிள்ல காலு வச்சவ இல்ல அண்ணாச்சி. நான் பந்தயத்துக்கு வேடிக்க பாக்கப் போற நாள்ல ஆத்தாளும் மகளும் கதவச் சாத்திக்கிட்டுப் பழகியிருக்காளுக. இப்பப் புரியுதா, உருளை வாங்கச் சொன்னது எதுக்குன்னு? உருளையா இருந்தா அவ ஏறுன மறு நிமிசம் விழுந்து பல்லுப் போயிருப்பா. இதுல எவ ஏறினாலும் ஓடும். சாயாது, விழாது. கட்டுபடி ஆகுதேன்னு வாங்குனேன். கெட்டேன்.

“கோமு எங்க?”ன்னேன். மிதிக்கா. “ஏட்டி, எம்மக எங்க?” மிதிக்கா. டம்ளர அவ மேல எறிஞ்சேன். சாட்டக்கம்பு செவுத்துலதான் மாட்டியிருந்துச்சு. எடுத்து விளாசுனேன். ரவிக்க கிழிஞ்சு தோலு வந்துச்சு. அவ எறங்கல. ஹேண்டில விடல. நானும் மாடு எத்தனையோ அடிச்சிருக்கேன், அடிக்க அடிக்க ஒரே சீரா மிதிச்ச மாட்டப் பாத்ததில்ல.

அப்பத்தான் எனக்கு மூளையில தட்டுச்சு, நாலரை பஸ்ஸு. மதுரப் பஸ்ஸு. மெயின் ரோட்டுல ஊருக்குப் பிரியுற விலக்குல நின்னு ஏறுவா. மோட்டார் சைக்கிள்ல போனா ஒரு பீடி குடிக்கிற நேரம். சாவிய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டேன். பின்னால சத்தம் வருது. வடிவுதான் பேசுதா.

“மாடெல்லாம் உன்னையக் கண்டு பயந்து ஓடுச்சு. அதுக்குப் பேரு பந்தயமா?”ங்கா.

உன்னையங்கா அண்ணாச்சி. நீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்த வாயி. நான் கேட்டுட்டுப் போற ஆளா? திரும்பி வந்தேன். முடியப் பிடிச்சுக் கீழ இழுத்தேன். சைக்கிளு மட்டும் சும்மா சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. கீழ போட்டு நெஞ்சுல மிதிச்சேன். போதும்னு கெளம்பி வாசல் வரைக்கும் போயிட்டேன், அங்க கெடந்துக்கிட்டே அடுத்தது சொல்லுதா.

“கால் போனவன் பொண்டாட்டி நம்ம வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனாளே. அந்த மண்ணுதான் உன் இடுப்புல விழுந்துச்சு. நீ சாரதியாம், சாரதி. நொண்டிக் கழுத.”

யாராவது பொறுப்பானா? நீங்களா இருந்தாலும் திரும்பித்தான் வருவீக. வந்தேன். அந்த வாட்டி எதக் கொண்டு அடிச்சேன்னு எனக்கே நெனப்பில்ல. செங்கல்லோ என்னமோ. கையக் கொண்டு தடுத்தா, எலும்பு ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு. என் காதுக்கு எல்லாச் சத்தமும் தெரியும். சரி, இனிமே பேச மாட்டான்னு எந்திரிச்சேன். வண்டிகிட்டப் போயி உதைக்கவும் உதைச்சுட்டேன். வண்டியும் கெளம்பிருச்சு.

அப்பத் தவழ்ந்து தொழு வாசலுக்கு வந்து, மழையில தலைய நீட்டிக்கிட்டுக் கத்துனா. “உன் மயிலக் காள களவு போகல. நாந்தான் அவுத்து விட்டேன்”னா.

மயில, அண்ணாச்சி. எங்கிட்ட இருந்த காளைகள்ல அப்படி ஒரு காள இல்ல. ஒரு சித்திரையில காலையில போய்ப் பாத்தா கயிறு மட்டும் கெடக்கு. தேடாத காடு இல்ல. மேலத் தெருவுல ஒருத்தன் மேல சந்தேகப்பட்டு அவன் ரெண்டு கையையும் ஒடிச்சேன். நான் எடுக்கல சாமின்னு கத்துனான், கேக்காம ஒடிச்சேன். மயிலைக்காக அத்தன நா சோறு திங்காமக் கெடந்தேன். இவ சொல்லுதா, முதுகெல்லாம் புண்ணா நின்னுச்சு, பாக்கச் சகிக்கல, அவுத்து விட்டேன், போயிருச்சு, நல்லாருக்கும்ங்கா. அது நெசமோ பொய்யோ இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. வண்டிய அப்படியே கீழ போட்டுட்டு ஓடியாந்தேன். அதுக்கப்புறம் நடந்தது எனக்கு நெனப்பில்ல. பக்கத்து வீட்டுக்காரவுக வந்து என்னையப் பிடிச்சு இழுத்துத்தான் நிறுத்துனாகளாம்.

இந்தா, டீ கொண்டாந்துட்டா. வாங்கிக்கோங்க. எடது கையில நீட்டுதாளேன்னு தப்பா நெனைக்காதீக. சோத்துக் கை சரியாக் கூடல, வைத்தியன் கட்டுனது சரியில்ல. ஏம்மா, அண்ணாச்சிக்குச் சர்க்கரையாம், சீனி போடலையே? பாருங்க, பேச மாட்டா. அன்னைக்குப் பேசுனதோட சரி.

கோமு மார்கழிப் போட்டியில ஓட்டுனாளாம். விடுதிக்காரன் சைக்கிள்ல. மூணாவது வந்திருக்கா. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, டீச்சரு பக்கத்துல நிக்கா, எம்மக சிரிச்சுக்கிட்டு நிக்கா. நான் பின்னால இருந்திருந்தா முதல் கொடி. டீச்சருதான் அன்னைக்கு மதுரையில கூட்டிக்கிட்டாளாம். அந்த விடுதி வாசல்ல போயி நின்னேன், உள்ள விட மாட்டேன்னுட்டான். காவக்காரன் மூக்குல ஒரு குத்து. அதுக்கு ஒரு கேசு ஓடுது. பெத்த மகளப் பாக்க முடியாம மழையில நின்னு திரும்பி வந்தேன். எனக்கு வலிக்காதா? எனக்கும் வலிக்கும் அண்ணாச்சி. யாரும் கேக்க மாட்டேங்காக.

எந்திரிச்சுட்டீகளே. மிசினப் பாக்கலையா? டீய முழுசாக் குடிங்க. மழை விடல, நனையாதீக. இருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுருதேன், இத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

மறுநா டீக்கடை சங்கையா சொன்னான். அந்தப் பஸ்ஸு அன்னைக்கு நேரத்துக்கு வரலையாம். ரோட்டுல தண்ணி போனதுல ரொம்ப லேட்டாம். விலக்குல கோமு நனைஞ்சுக்கிட்டே நின்னுருக்கா. இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு, நடுங்கிக்கிட்டு நின்னாளாம். நான் மொதக் கெளம்புனப்பப் போயிருந்தாலும் பிடிச்சிருப்பேன். ரெண்டாந் தடவ கெளம்புனப்பப் போயிருந்தாலும் பிடிச்சிருப்பேன். வண்டிய உதைச்சப்ப போயிருந்தாக்கூட பஸ்ஸு வந்திருக்காது, கொத்தாத் தூக்கிட்டு வந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தச் சிறுக்கி வாயக் குடுத்து அடி வாங்கிக்கிட்டா. தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாக? அத்தன வருசம் ஊமையா இருந்தவளுக்கு, அந்த ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டுக் கெடக்கத் தெரியல. எந்த நேரத்துல என்ன பேசணும்னு தெரியாத பொம்பள அண்ணாச்சி, புத்தி கெட்டவ.